உங்களுக்குத் தெரியுமா? ஈட்டியோடு மூழ்குபவரின் கத்தி

● கேரளத்தில் கோட்டுகால் ஊராட்சியின் ஆழிமலையிலிருந்து விழிஞ்ஞம், கோவளம் வரை பாறையும் மணலும் மாறிமாறி வரும் கரை. இங்கே சிப்பி எடுப்பவர்கள் சிலிண்டர் இல்லாமல், மூச்சடக்கியே மூழ்குகிறார்கள். முகக்கண்ணாடி, வலைப்பை, உளிபோன்ற ஓர் இரும்பு, இவ்வளவுதான் கருவிகள். பாறையை நாரால் பற்றியிருக்கும் சிப்பியைப் பெயர்க்க அந்தத் தட்டை முனை போதும். ஈட்டியோடு மீன் தேடி இறங்குபவருக்கு வேறு கத்தி வேண்டும்.

● அந்தக் கத்தியின் முதல் வேலை ஆளைக் காப்பாற்றுவது. மீனுக்கான வேலை அதற்கு அப்புறம்தான். ஈட்டிக் கயிறு காலைச் சுற்றலாம். பாறையில் அறுந்து கிடக்கும் தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலை காலில் மாட்டலாம். தண்ணீருக்குள் தங்கூசி கண்ணுக்கே தெரியாது. அடக்கிய மூச்சு தீரும் முன் அதை அறுத்தாக வேண்டும்.

● தங்கூசியை அறுப்பது வழவழப்பான கூர்விளிம்பு. முறுக்குக் கயிற்றை அறுப்பது ரம்பப்பல் விளிம்பு. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் பல் உள்ள கத்திதான் இரண்டுக்கும் உதவும். அலகின் ஓரத்தில் கொக்கிபோல ஒரு வெட்டு இருந்தால் இன்னும் நல்லது. அதில் இழையை மாட்டி இழுத்தாலே அறுந்துவிடும்.

● 3 முதல் 4 அங்குல அலகு போதும். அதைவிட நீளமானால் கயிற்றிலும் பாறையிலும் இடறும். மடக்குக் கத்தி வேண்டாம். மூட்டில் உப்பும் மணலும் ஏறினால் இறுகிக்கொள்ளும். விரிப்பதற்கும் பெரும்பாலும் இரண்டு கை தேவைப்படும்.

● சிலிண்டரோடு மூழ்குபவர்கள் பலர் மழுங்கிய முனையுள்ள கத்தி வைத்திருப்பார்கள். ஈட்டிக்காரருக்குக் கூர்முனைதான் சரி. பெரும்பாலான மீன்களுக்கு மூளை இருப்பது கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேலே. அங்கே ஒரே குத்தில் மீன் அடங்கிவிடும். ஜப்பானியர் இம்முறையை ‘இகெஜிமெ’ என்கிறார்கள். மீன் துடித்துச் சாகாது; இறைச்சியின் தரமும் கெடாது.

● ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் இந்த உப்பில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். எஃகில் கார்பன் கூடினால் கூர் நிலைக்கும், ஆனால் துரு சீக்கிரம் பிடிக்கும். 440சி என்ற எஃகு இந்த வகை. 420 என்ற எஃகு துருவைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், கூர் சீக்கிரம் மழுங்கும். தினமும் தீட்டுபவர் 420 வாங்கலாம். கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த எச்1 எஃகு துருவை மிக நன்றாகத் தாங்கும். விலைதான் கூடுதல்.

● டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்காது. எடையும் எஃகில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். ஆனால் நல்ல எஃகு அளவுக்குக் கூர் நிலைக்காது. ரம்பப்பல் உள்ளதாக வாங்கினால் அந்தக் குறை கொஞ்சம் ஈடாகும்.

● சினிமாவில் கத்தி கெண்டைக்காலின் வெளிப்பக்கம் இருக்கும். அங்கே கட்டினால் கயிறு முதலில் மாட்டுவது கத்தியில்தான். இடுப்பு பெல்ட்டின் முன்பக்கம் நல்லது. ஒரு கை சிக்கினாலும் மறு கைக்கு எட்ட வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு கத்தி வைப்பவர்களும் உண்டு.

● கடையில் உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். கத்தி நழுவக் கூடாது. பிறகு கண்ணை மூடி, இடது கையால் உருவிப் பாருங்கள். ஒரே அசைவில் வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

● கொரியாவின் ஜேஜூ தீவில் மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் ஹேன்யோக்கள். இவர்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்தது. அபலோன் என்னும் கடல் நத்தையைப் பெயர்க்கும் இரும்புத் தகட்டின் வாரை இவர்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார்கள். நத்தை தகட்டைக் கவ்விக்கொண்டால் கையும் சிக்கும். கழற்ற முடியாத வாரில் எந்தக் கருவியையும் கையோடு கட்டாதீர்கள்.

● கரையேறியதும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உறைக்கு வெளியே காய விடுங்கள். ஈர உறைக்குள் கிடக்கும் கத்திதான் முதலில் துருப்பிடிக்கும். காய்ந்ததும் லேசாக சிலிக்கான் கிரீஸ் பூசலாம்.

● திமிங்கிலச் சுறாவும் ராட்சதக் களவா மீனும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. இவற்றின் மேல் ஈட்டி எய்வது குற்றம். எந்த மீன் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

● கத்தியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. மூச்சடக்கி மூழ்குபவர்கள் பெரும்பாலும் நீர்மட்டத்தை நெருங்கும்போதோ மேலே வந்த உடனேயோதான் நினைவிழக்கிறார்கள். அப்போது உங்களைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். கத்தியைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் துணை இல்லாமல் கடலில் இறங்காதீர்கள்; ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கவனிக்கட்டும்.