விண்டோஸ் பாதி, லினக்ஸ் பாதி: வீட்டுக் கணக்கை எங்கே வைப்பது?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருப்பது, அதாவது டூயல் பூட், தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நன்றாக ஓடும் கணினியை ஒதுக்க மனமில்லாதவர்களுக்கு லினக்ஸையும் அதிலேயே நிறுவிக்கொள்வது ஒரு நல்ல வழி.

அப்படிப்பட்ட கணினியில் வீட்டு வரவு செலவையும் எழுதி வருபவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். க்னூகேஷ் போன்ற இலவசக் கணக்கு மென்பொருள் இரண்டு இயங்குதளங்களிலும் ஓடும். ஒரே கோப்பை இரண்டிலும் திறக்கலாம். சம்பளம், வங்கி இருப்பு, நகைக்கடன், சீட்டுப் பணம், யாருக்குக் கைமாற்று கொடுத்தோம் என்பது வரை குடும்பத்தின் பண விவகாரம் முழுவதும் அந்த ஒரு கோப்பில் இருக்கிறது. அது கெட்டுப்போகவும் கூடாது, பிறர் கைக்குப் போகவும் கூடாது.

முதலில் கெட்டுப்போவது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது, அடுத்த முறை அதிலிருந்தே எழுகிறது. பார்ட்டிஷன்கள் எந்த நிலையில் இருந்தன என்ற விவரமும் அதில் அடக்கம். இடையில் லினக்ஸில் நுழைந்து அதே பார்ட்டிஷனில் கணக்கை மாற்றினால், எழுந்து வரும் விண்டோஸ் பழைய விவரத்தை நம்பி அதன்மேல் எழுதும். கணக்குக் கோப்பு மட்டுமல்ல, பார்ட்டிஷனே சிதையலாம். இதற்காகத்தான் லினக்ஸ் பல நேரங்களில் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் விடுகிறது. அதைக் கோளாறு என்று நினைத்து, கட்டாயமாகத் திறக்கும் கட்டளையைத் தேடிப்பிடித்துப் போட வேண்டாம். அது உறக்கக் கோப்பை அழித்துவிடும்; திறந்த வேலையோடே கணினியை உறங்க வைக்கும் ஹைபர்னேட்டைக் கொடுத்திருந்தால் சேமிக்காமல் விட்ட வேலையும் அதோடு போகும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவதே சரி. அதுவரை, லினக்ஸுக்கு மாறும்போது ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். அதில் விண்டோஸ் முழுதாக மூடிக்கொள்ளும்.

அடுத்தது இதைவிட நுட்பமானது. க்னூகேஷ் ஒரு கோப்பைத் திறந்ததும் பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பை வைக்கும். அது இருக்கும்போது மறுபடி திறக்கப் போனால், வேறொருவர் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்று எச்சரிக்கும். மின்தடையில் கணினி அணைந்தாலும் அந்தப் பூட்டு அப்படியே தங்கிவிடுவதால், எச்சரிக்கையைத் தாண்டித் திறப்பது பழக்கமாகிவிடுகிறது. டூயல் பூட் கணினியில் அந்த எச்சரிக்கை உண்மையாகவே இருக்கலாம். விண்டோஸில் கணக்கைத் திறந்து வைத்தபடியே ஹைபர்னேட் செய்துவிட்டு, லினக்ஸில் திறந்து பத்துப் பதிவுகள் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் விண்டோஸ் எழும்போது அதன் நினைவகத்தில் இருப்பது முந்தைய கணக்கு. அங்கே சேமித்தால் அந்தப் பழைய கணக்கு முழுதாகக் கோப்பின்மேல் எழுதப்படும். பத்துப் பதிவுகளும் போய்விடும். இதற்கு மருந்தும் க்னூகேஷிலேயே இருக்கிறது. சாதாரணக் கோப்பு வடிவில் சேமிக்கும்போது, முந்தைய நிலையைத் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் ஒரு பிரதியாக அதே ஃபோல்டரில் வைக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் அவை 30 நாள் இருக்கும்.

கோப்பை எங்கே வைப்பது? லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்கும், எழுதும். ஆகவே தரவுக்கென்று தனியாக ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒதுக்கி, அங்கே ஒரே ஒரு கோப்பை மட்டும் வைப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு ஒத்திசைக்கும் மென்பொருளை நம்புவது ஆபத்து. கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. நம் நாட்டில் அந்த வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். லினக்ஸிலிருந்து வந்த விண்டோஸ் இணையமில்லாமல் திறந்தால் இரவு 8 மணி அங்கே பிற்பகல் 2.30. அப்போது விண்டோஸில் சேமித்ததை விட்டுவிட்டு, மாலை 6 மணிக்கு லினக்ஸில் சேமித்த பழைய பிரதியையே 'புதியது' என்று ஒத்திசைவு எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றின் கடிகார அமைப்பை மற்றதற்கு இசைவாக மாற்றிவிட வேண்டும்.

இரு பக்கமும் க்னூகேஷின் ஒரே பதிப்பு இருக்கட்டும். புதிய பதிப்பு எழுதியதைப் பழையது திறக்க மறுக்கலாம்.

இனி, பிறர் கைக்குப் போவது. விண்டோஸில் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே என்ற நிம்மதிக்கு இடமில்லை. லினக்ஸ் வழியாக வருபவரை அந்தப் பாஸ்வேர்டு தடுக்காது. டிஸ்க் குறியாக்கம் செய்யப்படவில்லை என்றால் கோப்பு அப்படியே திறக்கும். க்னூகேஷும் தன் கோப்பைக் குறியாக்கம் செய்வதில்லை. பழுது பார்க்கக் கொடுக்கும் கணினியில் இது வெளிப்படையாகக் கிடக்கும் கணக்கு நோட்டுதான். இரண்டு இயங்குதளங்களிலும் ஓடும் வெராகிரிப்ட் மென்பொருளில் பூட்டிய பெட்டகம் ஒன்றை உருவாக்கி அதற்குள் கணக்கை வைக்கலாம். பலர் மறப்பது ஒன்று: பழைய ஃபோல்டரில் தங்கிய தேதியிட்ட பிரதிகளிலும் முழுக் கணக்கும் இருக்கிறது. அவற்றையும் பெட்டகத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பெட்டகத்தின் பாஸ்வேர்டு மறந்துபோனால் மீட்க வழியில்லை. வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறது என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். துவக்க அமைப்பு மாறினால் அது சாவியைக் கேட்கக்கூடும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் துவங்கவே மறுத்தது. கணினிக்கு வெளியே, தனி டிஸ்க்கில் ஒரு பேக்கப் இல்லாமல் இந்த ஏற்பாட்டில் இறங்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. குடும்பக் கணக்கில் மற்றவர் விவரத்தை எழுதுவது குற்றமாகாது. அந்தக் கோப்பைக் காக்கும் வேலையும் நம்முடையதே. அதற்காக அதைத் திருடுபவருக்குச் சட்டம் வழிவிடவில்லை. கணினிக்குரியவரின் அனுமதியில்லாமல் தரவை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழுது பார்க்கக் கொடுத்த அனுமதி, நகலெடுக்கக் கொடுத்த அனுமதி ஆகாது.

வங்கிக் கணக்கிலிருந்து பணமே போய்விட்டால் முதலில் வங்கிக்கும், உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமில்லாத மோசடியை வங்கி தகவல் தந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. பாஸ்வேர்டைப் பகிர்ந்தது போன்ற நம் கவனக்குறைவு காரணமானால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் இழப்பு. கணக்கு மென்பொருளின் குறிப்புக் கட்டத்தில் பின் நம்பரையும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் எழுதி வைக்கும் பழக்கத்தை இதற்காகவே இன்றே நிறுத்த வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். புகார் பதிவாகும்வரை கணினியை ஃபார்மட் செய்யவோ லினக்ஸை நீக்கவோ வேண்டாம். கோப்புகளின் தேதியும் நேரமும் விசாரணைக்குத் தேவைப்படும்.