பேக்கப் எடுத்தீர்கள், திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா?



மண்டியில் மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு, ஒரு பிடி அரிசியையோ பருப்பையோ உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். மூட்டையில் கட்டிய சீட்டை நம்பி யாரும் சரக்கு எடுப்பதில்லை. ஆனால் கடைக் கணினியில் எடுக்கும் பேக்கப்பை மட்டும் சீட்டைப் பார்த்தே நம்பிவிடுகிறோம். அப்படி நம்பி நான் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றதையும் எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

2022 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, பில் போடும் கணினி திறக்கவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நான் கலங்கவில்லை. வெளி டிஸ்க் ஒன்றில் வாரந்தோறும் தானாகவே பேக்கப் எடுக்க ஏற்பாடு இருந்தது. பழுது பார்க்க வந்த தம்பி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, கடைசியாகப் பதிந்தது ஆகஸ்ட் மாதம்" என்றார். டிஸ்க் நிரம்பிவிட்டதால் அதன்பின் ஒவ்வொரு வாரமும் வேலை பாதியில் நின்றிருக்கிறது. திரையின் ஓரத்தில் வந்த எச்சரிக்கையைக் கடைப் பையன் மூடிக்கொண்டே வந்திருக்கிறான். இருந்ததை ஏற்றலாம் என்றால், கணினியைத் துவக்கும் மீட்பு பென் டிரைவை யாரும் செய்து வைக்கவில்லை. அதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

நான்கு மாத நிலுவைக் கணக்கு போயிற்று. பில் நகல் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் கணக்குப்பிள்ளையும் பதினெட்டு இரவு உட்கார்ந்தோம். சில நகல்கள் கிடைக்கவே இல்லை. "உங்கள் கணக்கில் எவ்வளவு நிற்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா தம் நோட்டைக் கொண்டுவந்து, நான் கேட்டதைவிட 3,400 ரூபாய் கூடுதலாகத் தரவேண்டும் என்று காட்டினார். இரண்டு பேர் மட்டும் எல்லாம் தீர்த்துவிட்டோம் என்றார்கள். மறுத்துப் பேச என்னிடம் தாள் இல்லை. பணம் போனதைவிட, முப்பது ஆண்டுப் பழக்கத்தில் சந்தேகம் நுழைந்ததுதான் எனக்கு வருத்தம்.

இமேஜ் என்றால் என்ன?

கணக்கு மென்பொருளில் எடுக்கும் பேக்கப், பேரேட்டை மட்டும் படி எடுப்பது போன்றது. இது தினமும் வேண்டும். டிஸ்க் இமேஜ் என்பது கல்லா, தராசு, அலமாரி எல்லாவற்றோடும் கடையையே அப்படியே படி எடுப்பது போன்றது. விண்டோஸ், பில் மென்பொருள், பிரின்டர் அமைப்பு, கணக்கு அனைத்தும் அதில் அடங்கும். புது டிஸ்க் வாங்கி அதை ஏற்றினால், பழைய கணினி பழையபடி நிற்கும். வாரம் ஒருமுறை இமேஜ், தினமும் கணக்கு பேக்கப் என்று வைத்துக்கொள்வது நம் போன்ற கடைகளுக்குப் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

குளோன்சில்லா இலவசம். பென் டிரைவிலிருந்து தானே துவங்கும். விண்டோஸ் ஓடாதபோதுதான் அதனால் இமேஜ் எடுக்க முடியும். ஆகவே கடை அடைத்த பிறகு செய்ய வேண்டும். திரும்ப ஏற்றும் டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பது நல்லது. ரெஸ்க்யூசில்லாவும் இலவசமே. மவுஸ் கொண்டு இயக்கலாம். குளோன்சில்லா எடுத்த இமேஜையும் படிக்கும். வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்த நேரத்தில் எடுத்துவிடும். மீட்பு பென் டிரைவும் செய்து தரும்.

இலவசம் எப்போதும் நீடிக்கும் என்று எண்ணவேண்டாம். பலர் பயன்படுத்திய மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸிலேயே உள்ள இமேஜ் வசதியையும், இனி வளர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017லேயே அறிவித்துவிட்டது. ஆகவே எதை எடுத்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். மீட்பு பென் டிரைவ் செய்து தருகிறதா? எடுத்த இமேஜ் சரியா என்று சோதிக்கிறதா? இமேஜிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுக்க முடிகிறதா? வேலை நின்றுபோனால் தெளிவாகச் சொல்கிறதா?

சோதிக்கும் முறை

பெயர் எதுவானாலும், ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் அது பேக்கப். நான் இப்போது செய்வது இது:

1. அதே அளவுள்ள இன்னொரு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். விடுமுறை நாளில் கணினியை அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஓடும் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுவோம். திரையில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் உள்ளதும் அழிந்துபோகும். கழற்றி வைத்தால் அந்தப் பயமில்லை.

2. புது டிஸ்க்கைப் பொருத்தி, மீட்பு பென் டிரைவில் துவங்கி, இமேஜை ஏற்றுவோம். இணைய இணைப்பு அப்போது வேண்டாம்.

3. திறந்ததும் கடைசி பில் எண், மூன்று வாடிக்கையாளரின் நிலுவை, ஒரு சரக்கின் இருப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்ததோடு ஒப்பிடுவோம். ஒரு பில்லும் அச்சடித்துப் பார்ப்போம்.

4. எவ்வளவு நேரமாயிற்று என்று குறிப்போம். முதல்முறை எங்களுக்கு நான்கு மணி நேரம். இப்போது ஒன்றேகால் மணி நேரம்.

அந்த முதல் சோதனையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. புதிய கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். மீட்கும்போது 48 இலக்கத் திறவு எண்ணைக் கேட்கலாம். அதைத் தாளில் எழுதிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள். சில மென்பொருள்களின் உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டிருக்கும். கணினியே மாறினால் என்ன செய்வது என்று விற்றவரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற, பணம் கேட்கும் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடையில் தீயோ வெள்ளமோ வந்தாலும் கணக்கு பிழைக்கும்.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காத்து வைக்க வேண்டும். அதிகாரி கேட்டால் "டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆண்டுக்கு இருமுறை இந்தச் சோதனை போதும். ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும்போது ஒருமுறை. ஆயுத பூசைக்குத் தராசையும் கணினியையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் முன் ஒருமுறை. கணக்குப்பிள்ளையையும் கடைப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். நாம் ஊரில் இல்லாத நாளிலும் அவர்கள் கையில் கடை திறக்க வேண்டும். அந்தப் பதினெட்டு இரவு என்னோடு முடியட்டும் என்பதே என் வேண்டுகோள்.