சோடி முயல்களும் நாமும்

இடப்பெயர்வின் பின் இழப்புகளைக் கணக்கெடுக்கும்போது வீடு, பயிர், மாடு, ஆடு, கோழி என்றுதான் நாம் பேசுகிறோம். பிள்ளைகள் பழைய கூடையொன்றில் சாக்கால் மூடித் தூக்கிவந்த முயற்சோடியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. விலை பேசினால் அது பெரிய சொத்தும் அல்ல. ஆயினும் தற்காலிகக் கொட்டிலில் மாதக்கணக்காக இருந்தவர்களுக்குத் தெரியும், பழைய வீட்டில் இருந்து உயிரோடு வந்த ஒன்றுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்று. அந்தச் சோடியில் ஒன்று நோயுற்றால் என்ன செய்வது, ஒன்று இறந்தால் மற்றதை எப்படிக் காப்பது என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இறைச்சிக்கென முயல் வளர்ப்போரின் தேவை வேறு. இங்கு நாம் பேசுவது பெயர் வைத்து வளர்க்கப்படும் முயல்களைப் பற்றியே.

பதுளை மாவட்டத்தவருக்கு மழைக்காலம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பிய குடும்பங்களில் பல, 2016இல் புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை ஏறத்தாழ ஈராண்டு காலம் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏறினால் உடனே எழுந்து போக வேண்டும். முதலில் மனிதர். இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மூடியுள்ள ஒரு கூடையும் ஒரு சாக்கும் கூட்டருகே எப்போதும் தொங்கினால் முயல்களை எடுக்க ஒரு நிமிடம்கூடச் செல்லாது. இரண்டையும் ஒரே கூடையில் வையுங்கள்; பிரித்து வைத்தால் இரண்டும் மிரளும்.

முயலுக்குத் துணை ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நமது பத்தனைப் புல்வெளிகளில் தனியே ஓடித்திரியும் காட்டுமுயல் வேறு இனம். கூட்டில் வளர்க்கும் முயலின் முன்னோர் ஐரோப்பாவில் நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழ்ந்தவை. காட்டுமுயல் குட்டியைப் பிடித்துவந்து வளர்ப்பு முயலுக்குத் துணையாக விடலாம் என்று எண்ண வேண்டாம். அவை சேர்வதில்லை, காட்டுக்குட்டி பெரும்பாலும் பயத்திலேயே இறந்துவிடும். வளர்ப்பு முயல்கள் சோடி சேர்ந்துவிட்டால் ஒன்றன் தலையை மற்றது நக்கும், ஒட்டிப் படுக்கும், ஒன்று உண்ணத் தொடங்கினால் மற்றதும் வரும். சுவிற்சர்லாந்தில் இருக்கும் உறவினர் மூலம் சிலர் அறிந்திருக்கக்கூடும்: அங்கு கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பதை 2008ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்கின்றன. கூட்டமாக வாழும் பிராணிக்குத் தனிமையே ஒரு துன்பம் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆணும் பெண்ணுமாக வைத்திருப்போர் ஒன்றை மறக்கக்கூடாது. பெண் முயல் சினையாகி ஏறத்தாழ 31 நாளில் குட்டி போடும். போட்ட அன்றே மீண்டும் சினையாகவும் கூடும். இப்படி விட்டால் தாய் மெலிந்து ஓராண்டிலேயே கிழடாகிவிடும். ஆணுக்குக் காயடிப்பதே வழி. அதைப் பழக்கமுள்ள மிருக வைத்தியர்தான் செய்ய வேண்டும். காயடித்த பின்னும் சில வாரங்களுக்கு ஆண் சினைப்படுத்தக் கூடியது என்பதால் அதுவரை பிரித்துக் கம்பிவலைக்கு இரு புறமும் வைக்க வேண்டும். அவ்வசதி இல்லாதவர்களுக்கு ஒரே ஈற்றுப் பெண்குட்டிகள் இரண்டு பொருத்தமானவை.

குளிரைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். உண்மையில் காய்ந்த இடமும் காற்றடிக்காத மறைவும் இருந்தால் பண்டாரவளைக் குளிர் முயலுக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடப்பதே கொடைக்கானல் மலையின் மன்னவனூர், நீலகிரியின் சாந்திநல்லா போன்ற குளிர்ந்த இடங்களில்தான். முயலைக் கொல்வது ஈரமும் வெப்பமும். 1977, 1983 வன்செயல்களின் பின் ஊவாத் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் பல. அங்கு முயல் வளர்ப்போர் தகரக் கூரையின் கீழ்க் கூடு வைக்கவே கூடாது. முயலுக்கு வியர்ப்பதில்லை. சூட்டை அது காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. நண்பகலில் வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் காதுகளை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். குளிர்நீரில் முக்கி எடுத்தால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

இனி நோய். முயல் தன் வருத்தத்தை மறைக்கும் பிராணி. பருந்துக்கும் நாய்க்கும் இரையாகிற உயிர் நொண்டிக்காட்டினால் பிழைக்காதல்லவா? ஆகவே அது முனகும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். காலையும் மாலையும் இரண்டு விடயங்களைப் பார்த்தால் போதும்: தின்றதா, புழுக்கை போட்டதா. அரை நாள், அதாவது 12 மணித்தியாலம், ஒன்றும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் இருந்தால் அது அவசர நிலை. மாடு ஒரு நாள் தீன் எடுக்காவிட்டால் தாங்கும்; முயலின் குடல் நின்றால் தானாக மீண்டும் ஓடாது. குடலில் வாயு சேரும், வலி கூடும், வலியால் இன்னும் தின்னாது. முதற்காரணம் பல்வலியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், துணையை இழந்த சோர்வாகவும் இருக்கலாம். முடிவு ஒன்றுதான்.

சோடியாக இருக்கும்போது ஒரு சிக்கல்: எது தின்றது, எது தின்னவில்லை என்று தெரியாது. தட்டு வெறுமையாக இருக்கும்; ஒன்றே இரண்டின் பங்கையும் தின்றிருக்கும். ஆகவே பிள்ளைகளில் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலையைக் கையால் நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்காதது எதுவோ அதுவே நோயாளி.

இரவில் முயல் தன் பின்புறத்திலிருந்து மிருதுவான கொத்தாக வரும் புழுக்கையை வாயாலேயே எடுத்துத் தின்னும். அது நோயல்ல. அந்தச் சத்து அதற்குத் தேவை. கூட்டில் கஞ்சி போன்ற கழிச்சலும், வயிறு உப்பலும், குட்டிகள் மெலிவதும் கண்டால்தான் பயப்பட வேண்டும். நமது ஈரமான காலநிலையில் அது பெரும்பாலும் கொக்சிடியா எனும் குடல் நோயே. மூக்கொழுகித் தும்முவதும், முன்கால் மயிர் சளியால் ஒட்டியிருப்பதும் சுவாச நோய். காதினுள் தடித்த பொருக்குப் படிந்து தலையை உதறினால் சொறியுண்ணி. தலை ஒருபக்கம் சாய்ந்து சுழன்றால் காதின் உட்புறமோ மூளையோ பாதிக்கப்பட்டிருக்கிறது. இவை யாவற்றுக்கும் மருந்துண்டு, ஆனால் அது வைத்தியர் தரும் மருந்து.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் வில்லையைக் கரைத்து முயலின் வாயில் ஊற்றுவது நம்மிடையே உள்ள பழக்கம். பென்சிலின் வகை மருந்து முயலின் வாய்வழி போனால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சலில் அது இறந்துவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. உங்கள் பிரிவிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். அங்கு முயல் பற்றிய பழக்கம் குறைவாயிருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். பதுளையிலிருந்து தூரம்தான், செலவும்தான். எல்லோராலும் முடியாது என்பதை நாம் அறிவோம்.

வைத்தியரிடம் போகும்போது நோயுற்றதை மட்டும் கொண்டுபோகாமல் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். வேற்று மணத்தோடு தனியே திரும்பிவரும் முயலை, வீட்டிலிருந்த துணை அடையாளம் காணாமல் கடித்துக் குதறுவதுண்டு. தொற்றிவிடாதா என்று கேட்பீர்கள். ஒரே கூட்டில் ஒரே தட்டில் தின்றவைக்கு நோய் ஏற்கெனவே எட்டியிருக்கும். வைத்தியரிடம் சொல்லி இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை பெறுவது மேல். ஆரோக்கியமானது நோயுற்றதை மிதித்தோ துரத்தியோ தொல்லை கொடுத்தால் மட்டும் நடுவே கம்பிவலை இடலாம். அப்போதும் ஒன்றையொன்று பார்க்கவும் மணக்கவும் முடிய வேண்டும்.

வைத்தியரை அடையும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முதலில் வயிற்றைத் தொட்டுப்பாருங்கள். மத்தளம் போல் விறைத்திருந்தால் வாயில் எதையும் ஊட்ட வேண்டாம். குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே வைத்தியரிடம் போங்கள். வயிறு மெதுவாக இருந்தால், நச்சில்லாத பசும்புல்லையும் கொத்தமல்லித் தழையையும் அம்மியில் பட்டுப்போல் அரைத்து, கொதித்தாறிய நீரில் கலந்து, ஊசியில்லாத சிறிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டு இடைவெளியால் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு தடவைக்கு 20 மில்லிலீற்றர் வரை, நாளுக்கு ஐந்து தடவை. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் மூச்சுக்குழலில் போய்விடும். காது குளிர்ந்திருந்தால் இளஞ்சூட்டு நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். துணை முயல் அருகில் இருக்கட்டும். அது தின்னும் சத்தம் கேட்டே நோயுற்றது வாயசைக்கத் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

தீன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நாளாந்தத் தீனில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். முயலின் பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வளர்கிறது. நார்ப்புல்லை அரைத்தால்தான் அது தேயும். கினிப்புல், வற்றாளங்கொடி நல்லவை. கரட் விருந்துக்கு மட்டும். வெலிமடைச் சந்தையில் கழித்துப்போடும் கோவா இலையை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டால் வயிறு உப்பும். லீக்ஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை, உண்ணிச்செடி ஆகவே ஆகா. தேயிலை நிரைகளுக்கிடையே களைநாசினி தெளித்த புல்லை அறுக்காதீர்கள். மழைநாளில் அறுத்ததைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும்; பரப்பி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒன்று இறந்துபோகலாம். அப்போது பெரியவர்கள் செய்வது, பிள்ளைகள் எழும்புமுன் உடலை எடுத்துப் புதைத்துவிடுவது. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் உயிரோடிருக்கும் முயலுக்கு அது நல்லதல்ல. துணை திடீரென மறைந்தால் அது கூட்டின் மூலைமூலையாகத் தேடும், காத்திருக்கும், தீனை விடும். உடலைச் சில மணித்தியாலம் கூட்டிலேயே விடுங்கள். மிஞ்சியது மணந்து பார்க்கும். சில வேளை நக்கும், தள்ளும், பக்கத்தில் படுக்கும். சில முயல்கள் பாராமுகமாகவே இருக்கும். பின் தானாக விலகிப் போகும். அதன்பின் எடுக்கலாம். கொள்ளைநோய் என்று சந்தேகித்தால் வேறு முயல்களை மட்டும் அண்டவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் இதுவே. மீரியபெத்தையில் எல்லோருடைய உடலும் மீட்கப்படவில்லை. உடலைக் காணாத துயரம் எப்படி முடிவில்லாமல் நீளும் என்று இங்குள்ள பல குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முயலையும் மனிதரையும் நாம் ஒப்பிடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை ஒரு முயலுக்காக மூன்று நாள் அழுதால், அது முயலுக்காக மட்டும் அழும் அழுகையல்ல. ‘வேறொன்று வாங்கலாம்’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். குழி தோண்டும்போது கூட நிற்கவிடுங்கள்.

குழி இரண்டடிக்குக் குறையாமல் ஆழமாக, பீலிக்கும் ஊற்றுக்கும் எட்டத்தில் இருக்கட்டும். மேலே கல் அடுக்காவிட்டால் நாயோ பன்றியோ கிளறிவிடும். லயத்தில் இருப்போருக்கு அந்த இரண்டடி மண்ணும் யாரையாவது கேட்டுத்தான் கிடைக்கும் என்பதும் உண்மை.

அடுத்த இரண்டு வாரம் மிஞ்சிய முயலுக்கு உரியது. முதல் நாளே தின்கிறதா என்று பாருங்கள். தின்னாவிட்டால் மேலே சொன்னபடி ஊட்டுங்கள், 12 மணித்தியாலக் கணக்கு இங்கும் பொருந்தும். துணை படுத்த சாக்கை உடனே கழுவ வேண்டாம். தொற்றுநோயால் இறந்திருந்தால் மட்டும் சாக்கை எரித்துக் கூட்டைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கூட்டை இடம் மாற்றாமல், வீட்டார் நடமாடும் பக்கம் முகம் திருப்பி வையுங்கள். நாம் அறிந்த ஒரு வீட்டில், கொழுந்தெடுத்து வந்த தாய் அடுப்படியில் குந்தியிருந்து இரவுணவு சமைக்கும் நேரமெல்லாம் மிஞ்சிய பெண் முயலைப் பக்கத்தில் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான்காம் நாள் அது அவர் கையிலிருந்து வற்றாளங்கொடியை இழுத்தது. அந்த நான்கு நாளும் அரைத்து ஊட்டியது அந்த வீட்டுப் பாட்டி.

புதுத் துணை தேடுவதற்கு அவசரம் வேண்டாம், ஆனால் ஆண்டுக்கணக்காகத் தனியே விடவும் வேண்டாம். நன்றாகப் பராமரித்தால் முயல் எட்டுப் பத்து ஆண்டு வாழும். சில வாரம் கழிய, நோயில்லாத ஒன்றைக் கொண்டுவந்து முதலில் இரு வாரம் வேறிடத்தில் வைத்துப் பாருங்கள். பின் கம்பிவலையின் இரு புறமும் இரண்டையும் வைத்து, படுக்கும் சாக்குகளை நாளுக்கு நாள் மாற்றிப் போடுங்கள். நேரே பழைய கூட்டில் விட்டால் பழையது தன் இடமென்று சண்டைக்குப் போகும். இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், திண்ணையிலோ கழுவிய சீமெந்துத் தரையிலோ, ஒரு கைப்பிடி தழையைப் பரப்பி, ஆள் பக்கத்தில் இருக்க, பத்து நிமிடம் விடுங்கள். துரத்தல் சிறிது இருக்கும். மயிர் பறந்தால் பிரித்துவிட்டு மறுநாள் பாருங்கள். தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், முயற்கடி ஆழமானது. ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றது அதை நக்கத் தொடங்கியபின், கூட்டைக் கழுவிக் காயவைத்து, இரண்டையும் ஒன்றாக விடலாம்.