கறுப்பு அங்கிக்கு முன்னால் – 6: வாய்க்காலுக்குத் தெற்கு

பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்களுடையவை. ஒரு தங்கை இப்படி எழுதியிருந்தார்: “பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் வாங்கியதும் எல்.எல்.பி. சேரப் போகிறேன். இப்போதே தண்டனைச் சட்டப் புத்தகம் வாங்கிப் பிரிவுகளை மனப்பாடம் செய்யத் தொடங்கலாமா?”

வேண்டாம், தங்கையே. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று சட்டம் படிக்காதவர்களும் சொல்லும் அளவுக்கு ஊறிப்போயிருந்த எண்கள் அவை. 2024 ஜூலை 1 அன்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 302 இருந்த இடத்தில் இப்போது 103. 420 இருந்த இடத்தில் 318. 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இன்று வக்கீல்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். எண்களைச் சட்டக் கல்லூரி சொல்லித் தரும், தேவைப்பட்டால் மாற்றியும் தரும். ஒரு தாளை நிறுத்தி நிதானமாகப் படிக்கும் பழக்கத்தைப் பெரும்பாலும் அது சொல்லித் தருவதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நீங்கள் உள்ளே போக வேண்டும்.

எனக்கு அது எப்படி உறைத்தது என்று சொல்கிறேன். நானும் அறிவியல் மாணவிதான், தாவரவியல். இரண்டாம் ஆண்டில் எங்கள் வீட்டு நிலத்துக்கு ஒரு வரப்புத் தகராறு வந்து, அம்மாவோடு முன்சீப் கோர்ட்டுக்குத் துணையாகப் போனேன். வக்கீல் ஐயா கட்டைப் பிரித்து, தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். “காலேஜ் படிக்கிற பொண்ணு. வாய்க்கால் உங்க நிலத்துக்கு எந்தப் பக்கம்னு இதைப் பார்த்துச் சொல்லும்மா.”

பழுப்பேறிய தாள், சாய்ந்த கையெழுத்து. நாலு மால், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்துக்கு விரலை ஓட்டினேன். ‘வண்டிப் பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று இருந்தது. “தெற்குப் பக்கம்” என்றேன், சட்டென்று.

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அம்மா பக்கத்தில் இருந்து சொன்னார்: “இல்லடி. வாய்க்கா வடக்கால இருக்கு. நம்ம நெலம்தான் அதுக்குத் தெக்கால கெடக்கு.”

பத்திரம் சொன்னதும் அதைத்தான். அது வாய்க்கால் இருக்கும் திசையைச் சொல்லவில்லை. வாய்க்காலில் இருந்து பார்த்தால் நிலம் கிடக்கும் திசையைச் சொல்லியிருந்தது. வண்டிப் பாதையும் அப்படியே, எங்கள் நிலத்துக்குக் கிழக்கில் இருந்தது. ஒரு ‘க்கு’வைக் கவனிக்காமல் விட்டதில் நிலத்தையே புரட்டிப் போட்டிருந்தேன். வக்கீல் ஐயா சிரிக்கவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு எல்லையையும் என் கையாலேயே எழுத வைத்தார். என் முதல் சட்ட வகுப்பு அதுதான்.

அதனால் கேட்கிறேன், உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தை என்றைக்காவது முழுவதும் படித்திருக்கிறீர்களா? இந்த விடுமுறையில் எடுங்கள். பாத்தியம், பராதீனம், வில்லங்கம், அனுபோகம் என்று புரியாத சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் உள்ள பதிவுகளைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். கீழ் நீதிமன்றங்களில் ஓடும் வழக்குகளில் பெரும்பங்கு இந்தச் சொற்களின் மேல்தான் நிற்கிறது.

சேர்க்கை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப் படிப்பு மதிப்பெண்தான் தரவரிசை. குறைந்தபட்சத் தகுதி 45 விழுக்காடு, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. அது விண்ணப்பிக்க மட்டுமே போதும், இடம் கிடைக்கப் போதாது. ஆகவே, சட்டம்தானே படிக்கப் போகிறோம் என்று இப்போது படிக்கும் பாடத்தை அலட்சியம் செய்து அரியர் வைப்பது, உங்கள் கதவை நீங்களே சாத்திக்கொள்வதாகும். பள்ளிப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்தைப் பார் கவுன்சில் விதிகள் ஏற்பதில்லை. வெளியே போக விரும்புவோருக்கு டெல்லிப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அதற்குக் க்யூட் பி.ஜி. தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியும் 2022 முதல் மூன்றாண்டுப் படிப்பைத் தனித் தேர்வு வைத்து நடத்துகிறது.

நீதிபதி ஆகும் கனவோடு வருபவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. 21 வயதில் பட்டம், 24இல் சட்டம் என்றால், தேர்வறைக்குப் போகும்போது 27 ஆகியிருக்கும். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுவது நல்லது. வருமானம் சொற்பமாக இருக்கும் ஜூனியர் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதால், நடுவழியில் கோட்டைக் கழற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மொழிக்கு வருகிறேன். கீழ் நீதிமன்றத்தில் தமிழில் வாதாடலாம், அகில இந்திய பார் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்கள் இதை நினைத்துத்தான் பின்வாங்குகிறார்கள். பின்வாங்காதீர்கள். ஆங்கில இலக்கணப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு தீர்ப்பைப் படிக்கத் தொடங்குங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

எதில் தொடங்குவது? சென்னை மாநில அரசுக்கும் செண்பகம் துரைராஜனுக்கும் நடந்த வழக்கு, 1951 ஏப்ரல். அரசமைப்புச் சட்டம் வந்து 15 மாதங்கள்கூட ஆகாத நேரம். தீர்ப்பு சில பக்கங்கள்தான். கல்லூரி இடங்கள் 14 என்றால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய ஆணை அரிசனங்கள் என்று குறித்தவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்–இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த வகுப்புவாரி அரசாணையை ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. அந்த ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிறந்தது. இன்று நீங்கள் சட்டக் கல்லூரியில் சேரும்போது கையில் பிடித்திருக்கும் சாதிச் சான்றிதழுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

ஆனால் நான் அதைப் படிக்கச் சொல்வது கதைக்காக மட்டும் இல்லை. மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்று தீர்ப்பிலேயே ஒரு குறிப்பு வருகிறது. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் போடவில்லை என்றார் அவர். அரசுத் தரப்பும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விண்ணப்பிக்காமல் நீதிமன்றம் வருவதை நாங்கள் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு நீதிபதிகள் மேலே போகிறார்கள். அந்த வரியில் நின்று, ‘விண்ணப்பிக்காதவருக்கு வழக்குப் போட என்ன உரிமை?’ என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றினால், நீங்கள் வக்கீலாகப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். என்ன நடந்தது, எதைக் கேட்டார்கள், நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது என்று உங்கள் சொந்தத் தமிழில் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். வாரம் ஒரு தீர்ப்பு போதும். ஆங்கிலமும் கூடவே வரும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீதிமன்றம் திறந்த மன்றம். சில வகை விசாரணைகளைத் தவிர, யாரும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். இதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கல்லூரி இல்லாத ஒரு வேலைநாளில் உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டுக்குப் போங்கள். பத்தரை மணிக்கு முன்பே போய்விட்டால் பின்வரிசை பெஞ்சில் இடம் கிடைக்கும். போனை அணைத்து வையுங்கள். நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள். முதல் அரை மணி நேரம் பெயர் கூப்பிடுவதும் வாய்தா போடுவதுமாகவே ஓடும், சலித்துப்போய்க் கிளம்பிவிடாதீர்கள். சாட்சிக் கூண்டில் ஒருவர் ஏறும்வரை காத்திருங்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், சாட்சி சொல்லும் பதில் எப்படி நீதிபதியின் வாய்வழியாகத் தட்டச்சில் ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். அந்தச் சாட்சி உங்கள் அம்மா மாதிரி ஒருவராக இருக்கக்கூடும்.

(தொடரும்)