தரைக்கு டைல்ஸ்: எத்தனை பெட்டி?

துவரம் பருப்பு இரண்டு மூட்டை குறைந்தால் ரங்கே கவுடர் வீதிக்கு ஆள் அனுப்பினால் போதும். மதியத்துக்குள் சரக்கு கடைக்கு வந்துவிடும். அதே பழக்கத்தில் டைல்ஸ் வாங்கப் போய்ச் சூடுபட்டவர்கள் நாம்.

முன்புறம் கடை, பின்புறம் வீடு. ஹால் 15க்கு 12 அடி, ஆக 180 சதுர அடி. இரண்டடி டைல்ஸ் ஒன்றுக்கு 4 சதுர அடி என்று மனக்கணக்குப் போட்டோம். 45 வேண்டும், பெட்டிக்கு 4 வீதம் தாராளமாகவே 12 பெட்டி எடுத்தோம். வெட்டும்போது இரண்டு உடைந்தன. முடிவில் மூலையில் இரண்டு கல்லும், சுவரோர ஸ்கர்டிங் முழுவதும் பாக்கி. திரும்பப் போனால் அதே டிசைன் இருந்தது, அந்த பேட்ச் இல்லை. நிறம் மாறிய இரண்டையும் இன்று அரிசி டிரம் மறைத்து நிற்கிறது. ஸ்கர்டிங்கை எதை வைத்து மறைப்பது?

பிழை எங்கே? இரண்டடி என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர், அதாவது 23.6 அங்குலம். ஒரு பெட்டி 16 சதுர அடி அல்ல, பதினைந்தரைதான். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தராசு முள் நூல் அளவு சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிற நாம் இதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாங்கும் முன் தரையைத் தாளில் வரைந்து கல்லாக எண்ண வேண்டும். நம் ஹாலின் 15 அடி நீளத்துக்கு ஏழு முழுக் கல், எட்டாவதை வெட்ட வேண்டும். 12 அடி அகலத்தில் ஆறு வரிசை போக, இரண்டங்குலம் மீதி. ஆறு வரிசைக்கு 48, ஓரப் பட்டைக்கு 1. கதவு போகச் சுவர் சுற்றளவு 50 அடி. வெட்டி மிஞ்சிய ஆறு துண்டுகளில் நாலங்குல ஸ்கர்டிங் 24 அடி கிடைக்கும். மீதி 26 அடிக்கு மூன்று முழுக் கல். மொத்தம் 52, அதாவது 13 பெட்டி. உடைசலுக்கும், பின்னாளில் பைப் வேலைக்குத் தரையை உடைக்க நேர்ந்தால் போடுவதற்கும் ஒன்று சேர்த்து 14. தரையோடு ஸ்கர்டிங் 17 சதுர அடியையும் கூட்டி, நூற்றுக்குப் பத்து சேதாரம் போட்டாலும் இதே 14தான் வருகிறது. டைல்ஸைக் கோணலாகப் பதிப்பதானால் சேதாரம் பதினைந்து வரை போடலாம்.

சூளையில் வேகும் சரக்கு என்பதால் ஒவ்வொரு பேட்சிலும் நிறம் சற்று மாறும். நம் ஊர்க் கடைகளுக்குப் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவதால், அந்த பேட்ச் தீர்ந்தால் தீர்ந்ததுதான். வண்டியிலிருந்து இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண், ஷேட் எண் ஒன்றா என்று பாருங்கள். மூட்டைச் சீட்டைப் பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய வேலை அல்ல.

பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். விற்ற சரக்கைத் திருப்பி எடுக்கச் சொன்னால் நம் முகம் எப்படி மாறும் என்பது நமக்குத் தெரியாததா!