தேயிலைத் தூரடியில்

உத்தியோக நிமித்தமாக எங்கேனும் இரண்டு மூன்று நாள்கள் தங்க நேர்ந்தால், அவ்விடத்து ஊர்வனவற்றைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவது என் நெடுநாளைய வழக்கம். ஏனையோர் கோயிலைப் பார்ப்பர், சந்தையைப் பார்ப்பர், நான் கல்லைப் புரட்டுவேன். உயிரியல் ஆசிரியனுக்கு வாய்த்த பித்து இது என்று இல்லத்தார் கூறுவதை மறுப்பதற்கில்லை. சென்ற ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த மாணவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடத்தும் பொருட்டுப் பூனாகலைக்குச் சென்றபோதும், பாடக்குறிப்புகளோடு ஒரு கைவிளக்கையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பண்டாரவளையில் பஸ் ஏறினால், தேயிலை மலைகளை வளைத்து வளைத்துச் செல்லும் பாதை. ஊர் நான்காயிரம் அடியைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது.

முதல் நாள் வெறுங்கையோடு திரும்பினேன். பிழை என்னுடையதே. தாழ்நிலத்துப் பழக்கத்தினால் விடியுமுன்பே புறப்பட்டு, பனியில் நனைந்த புல்லையும் வேலியையும் ஒன்றரை மணிநேரம் துழாவினேன். ஊர்வனவற்றின் உடல் நம்முடையதைப் போலத் தானே சூட்டைப் பிறப்பித்துக் காத்துக்கொள்வதன்று. வெயிலிடம் கடன் வாங்கியே அவை நடமாட வேண்டும். மலைநாட்டுக் குளிரில் விடியற்காலையில் எந்த ஓணான் எனக்காக வெளியே வந்து காத்திருக்கும்? மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடத்தையே நான் மறந்துபோனேன்.

மறுநாள் வெயில் ஏறி ஒன்பதரை மணியான பின் பாடசாலை வேலியருகே சென்று நின்றேன். பத்தடி தூரத்தில் ஒரு பச்சை ஓணான் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் மை தீட்டியது போன்ற கரிய பட்டை. மலைநாட்டுக்கே உரிய கருங்கன்ன ஓணான் அது. இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் கிடையாது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் மூக்கின்மேல் கொம்புடைய ஓணானும் உண்டு. 1834ஆம் ஆண்டிலேயே ஜோன் எட்வர்ட் கிரே என்னும் ஆங்கிலேயர் அதனை விவரித்து எழுதினார். அதைக் காணும் பேறு இம்முறை வாய்க்கவில்லை.

ஆனால் நான் தேடியதைவிடப் பெரிய செல்வம் மூன்றாம் நாள் ஒரு காய்கறிப் பாத்தியில் கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் ஓய்வுபெற்ற கங்காணியார் ஒருவர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். முள்ளு பட்டுப் புரண்ட கட்டியிலிருந்து, ஒரு சாண் நீளத்தில், பென்சில் பருமனில், பளபளக்கும் கரும்பழுப்புப் பாம்பொன்று நெளிந்து வெளிப்பட்டது. அவர் உடனே முள்ளை ஓங்கினார்.

"வேண்டாம் ஐயா!" என்று தடுத்தேன்.

"குட்டி விரியன் சேர், விட்டா யாரையாவது கொத்திப்புடும்."

விரியன் அன்று அது. சிங்களத்தில் மெடில்லா என்பர். அஸ்பிடியூரா என்னும் அந்த இனம் முழுவதும் இலங்கைக்கே உரியது. அதில் ஒன்றைச் சிவனொளிபாதமலைப் பகுதியில் கண்டறிந்து, 2017ஆம் ஆண்டில் இராவணன் பெயரையே சூட்டினார்கள். பொல பொலவென்ற மண்ணும் குப்பைமேடும் அதன் வீடு. மண்புழு அதன் உணவு. மனிதருக்கு யாதொரு தீங்கும் இல்லை. நான் கையில் எடுத்தபோது விரல்களைச் சுற்றிக்கொண்டதேயன்றிக் கடிக்க முயலவில்லை. தலைக்கும் கழுத்துக்கும் வேற்றுமை தெரியாத ஒரே சீரான உடல் என்பதைக் கங்காணியாருக்குக் காட்டினேன். "இந்த மாதிரி எத்தனையக் கொன்னுருப்பேன்!" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. அகன்ற முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, மேல்நோக்கி வளைந்த மூக்கு, குட்டையாய்த் தடித்த உடல், சருகின் நிறம். சருகோடு சருகாய்ச் சுருண்டு கிடக்கும் அக்குட்டை விரியனே இலங்கையில் மிகுதியான பேரைக் கடிக்கும் பாம்பு என்பது மருத்துவர் கணிப்பு. நம் மருத்துவமனைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது; இக்குட்டை விரியனின் விஷத்துக்கு அது பயன்படாது. பெரும்பாலோர் வீக்கத்தோடும் வலியோடும் தப்பிவிடுவர். சிறுநீரகம் பழுதுற்று இறந்தோரும் உளர்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற கொழுந்துக்காரப் பெண்மணி ஒருவர், வலக்காலை முன்னே நீட்டிக் காட்டினார். பெருவிரலின் நுனி கரிந்தாற்போல் சுருங்கியிருந்தது. சில ஆண்டுகளுக்குமுன் புல்லு வெட்டும்போது கடித்ததாம். கயிற்றால் இறுகக் கட்டி, பிளேடால் கீறி, மந்திரித்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே பெரிய பாதைவரை தோளில் சுமந்து சென்றிருக்கிறார்கள். கட்டுவதும் கீறுவதும் கேட்டையே மிகுவிக்கும் என்றும், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே செய்யத்தக்கது என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, "கை வைக்குமுன் தூரடியைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றும் ஒரு புத்திமதியைச் சேர்த்தேன்.

அவர் சிரித்தார். "கொழுந்து எடுக்கிற கை பாத்துக்கிட்டு நிக்குமா சேர்? கண்ணுக்கு முந்தி கை போயிரும். பாத்துப் பாத்து எடுத்தா பேர் விழாதே."

பகல் முழுதும் எடுத்த கொழுந்து கணக்குக்குக் குறைந்தால் அன்றைய முழுப்பேர் விழாது, கூலி குறைந்துவிடும். கூடையின் நிறையோடு போட்டியிட்டு ஓடும் விரல்களிடம் நிதானத்தை உபதேசித்த என் அறிவை நினைத்து வெட்கினேன். பச்சை விரியன் தேயிலைச் செடியின் கிளையிலேயே இலையோடு இலையாய்ப் படுத்திருப்பதுண்டு என்பதை அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் எழவில்லை. அவருக்கு அது தெரியாததா என்ன?

அன்று மாலை கடைசி வகுப்பில், ஒளித்தொகுப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, கரும்பலகையில் இரண்டு தலைகளை வரைந்தேன். ஒன்று மெடில்லா, மற்றது குட்டை விரியன். பிள்ளைகள் அதுவரை எழுதியதைக் காட்டிலும் வேகமாய் எழுதினார்கள். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், அம்மாவுக்குக் காட்டணும், பெரிசா வரைஞ்சு தருவீங்களா?" என்று கேட்டாள். அட்டையொன்றில் வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நடக்கையில், கங்காணியார் தம் பாத்தியோரத்தில் குந்தியிருக்கக் கண்டேன். முள்ளு வேலியில் சாய்ந்து கிடந்தது. அவர் கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.