ரேம்: வேகமா, அளவா?

கம்ப்யூட்டர் திணறுகிறது, ரேமை மாற்றலாம் என்று கடைக்குப் போனால் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: வேகம் கூடியதா, அளவு கூடியதா? கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தயங்காமல் அளவையே கேளுங்கள்.

டிடிஆர்4 ரகத்தில் 3200, 3600 என்று இரண்டு ஸ்டிக். பார்த்தால் இரண்டாவது எட்டில் ஒரு பங்கு வேகம் கூடியது. ஆனால் லேபிளில் சிஎல்16, சிஎல்18 என்று இன்னொரு எண்ணும் இருக்கும். கேட்ட தகவலைத் தருவதற்கு முன் ரேம் எத்தனை கடிகாரத் துடிப்பு காக்க வைக்கிறது என்பதே அது. ஒரு துடிப்பின் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டிலும் காத்திருப்பு 10 நானோ நொடி. டிடிஆர்5-இல் 6000 சிஎல்30 வாங்கினாலும் அதே 10தான்! கூடுவதெல்லாம் ஒரே மூச்சில் அள்ளித் தரும் தகவலின் அளவு.

இடம் பற்றாக்குறையோ வேறு ரகத் தொல்லை. 8 ஜிபி ரேமில் குரோம் டேப்களையும் டீம்ஸையும் பெரிய எக்செல் ஃபைலையும் சேர்த்துத் திறந்தால், விண்டோஸ் சிலவற்றை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிடும். ப்ராசசர் ரேமுக்குப் போய்வர மொத்தமே ஏறக்குறைய 100 நானோ நொடி. எஸ்எஸ்டிக்கு அதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் லட்சம் மடங்கு. ஹேங் ஆகிறது என்று நாம் புலம்புவது பல நேரம் இதைத்தான். 3600 ஸ்டிக் இதற்கு மருந்தாகாது.

வழக்கமான வேலை நடக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். நிரம்பி வழிகிறதா, அளவைக் கூட்டுங்கள். பாதிகூட நிரம்பவில்லையா, கூடுதல் ரேம் சும்மாதான் கிடக்கும். கோளாறை வேறெங்காவது தேடுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கேம் விளையாடுபவர்களுக்கு வேகமும் முக்கியம். படம் வரையும் வேலையும் அதே ரேமில்தான் நடக்கிறது. ஆனால் அங்கும் முதல் தீர்வு இரண்டாவது ஸ்டிக்தான். 3200 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும்; ஜோடியாகப் போட்டால் 51.2. அளவும் கூடுகிறது, பாதையும் அகலமாகிறது.

வேகமான ரேம்தான் வேண்டும் என்பவர்கள் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3600 ஸ்டிக் பெரும்பாலும் 2133, 2400 என்றுதான் ஓடும்.

லேப்டாப் என்றால் முதலில் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அப்படியொன்றைப் புதிதாக வாங்குவதானால் 8 ஜிபியோடு நின்றுவிடாதீர்கள்; பிறகு சேர்க்க வழி கிடையாது.